தீபாவளி முதல் பொங்கல் வரை: ஆண் ஹார்மோன் சரியாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஐப்பசியில் தீபாவளி, மார்கழியில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும், தை பிறந்தால் பொங்கல். நடுவில் கல்யாணங்கள், சபரிமலைப் பயணம். ஒரு நாள் விருந்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கினாலும் இரண்டொரு நாளில் தானாகத் தேறிவிடும், அதற்குப் பதற வேண்டாம். மூன்று மாதமும் தொடர்ந்து தூக்கம் கெட்டு, குடி கூடி, தொப்பை ஏறினால்தான் வம்பு. இந்த மூன்றையும் இதே வரிசையில் கவனியுங்கள். கடையில் போய் வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

முதலில் தூக்கம். மூளைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும், அது விதையில் உள்ள லேடிக் செல்களைத் தூண்டும், அந்தச் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் செய்யும். இந்த வேலை பெரும்பாலும் தூக்கத்தில்தான் நடக்கிறது. அதனால்தான் விடிகாலையில் அளவு உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கியிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2011-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. வயது ஏற ஏற வருடத்துக்கு ஒரு சதவீதம் போலத்தான் குறையும் என்பதை வைத்துப் பார்த்தால், ஒரே வாரத்தில் இது பெரிய சரிவு.

இப்போது தீபாவளிக் கணக்கைப் பாருங்கள். வேலை முடித்துக் கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறினால் உட்கார்ந்தபடி மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். மறுநாள் பலகார வேலை, உறவினர் பேச்சு என்று படுக்கப் பதினொன்றரை ஆகும். நாலு மணிக்கு எண்ணெய்க் குளியலுக்கு எழுப்பிவிடுவார்கள். அடுத்தடுத்து இரண்டு இரவு போயிற்று. முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் பகல் வண்டியில் போய்விடுங்கள். முடியாவிட்டால் ஊர் சேர்ந்த அன்று மதியம் மூன்று மணிக்குள் ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்திருங்கள். அதற்குப் பிறகு படுத்தால் ராத்திரித் தூக்கம் கெடும். தீபாவளிக்கு முந்தின இரவு ஒன்பதரைக்கே படுக்கைக்குப் போங்கள், யார் என்ன சொன்னாலும் சரி. திரும்பி வரும் ராத்திரிப் பயணத்துக்கு மறுநாள் முடிந்தால் விடுப்பு போடுங்கள். சராசரியாக ஏழு மணி நேரம் வர வேண்டும். சனி, ஞாயிறு மொத்தமாகத் தூங்கி ஈடுகட்டலாம் என்பது பாதிதான் பலிக்கும்.

குறட்டை விடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால், எத்தனை மணி நேரம் படுத்தாலும் அது தூக்கம் ஆகாது. நுரையீரல் மருத்துவரிடம் காட்டித் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். குடித்துவிட்டுப் படுத்தால் தொண்டைத் தசை மேலும் தளர்ந்து இது மோசமாகும்.

இனி குடி. குடிக்காமல் இருப்பதே நல்லது என்று சொல்லிவிட்டு நகரலாம், ஆனால் குடிப்பவருக்கு அதில் பயனில்லை, அளவைச் சொன்னால்தான் பயன். 42.8 சதவீதச் சரக்கில் 30 மில்லி என்றால் சுத்த ஆல்கஹால் சுமார் 10 கிராம். 180 மில்லி குவார்ட்டர் என்றால் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமைத் தொட்டாலே அதை மிதமிஞ்சிய குடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுக்கிறது. “ஒரு குவார்ட்டர்தானே” என்பது அந்த எல்லைக்கோடேதான். “பீர்தானே” என்பவர் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலைப் பார்க்கட்டும்: சுமார் 41 கிராம். இரண்டு பாட்டில் என்றால் குவார்ட்டரைத் தாண்டியாகிவிட்டது.

அதிகமாகக் குடிக்கும்போது அடி இரண்டு இடத்தில் விழுகிறது. விதையில் இருக்கும் செல்கள் ஆல்கஹாலைக் கையாளும்போது ஹார்மோன் செய்யும் வேலை தடைப்படுகிறது. மேலே மூளையிலிருந்து வரும் தூண்டலும் மந்தமாகிறது. போதாததற்கு அன்றைய தூக்கத்தின் பின்பாதி துண்டு துண்டாகும். குடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஓர் இரவுக்கு 60 மில்லியோடு நிறுத்துங்கள், சாப்பாட்டோடு குடியுங்கள், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், அடுத்தடுத்த நாள் வேண்டாம். நண்பர்கள் ஊற்றினால் அளவு தவறும். மூடியால் அளந்து நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள், கிண்டலடித்தால் அடிக்கட்டும். ஈரல் நோய், கணையப் பாதிப்பு, தினசரி மாத்திரைகள் இருப்பவருக்கு இந்த 60-உம் கிடையாது.

சாப்பாட்டில் பயப்பட வேண்டியது மட்டனுக்கு அல்ல, இனிப்புக்கும் குளிர்பானத்துக்கும்தான். வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சராசரியாகக் கால்பங்கு இறங்கி, இரண்டு மணி நேரம் கழித்தும் தாழ்ந்தே இருந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். 300 மில்லி கோலாவிலேயே சர்க்கரை 30 கிராமுக்கு மேல். அதோடு இரண்டு ஜாங்கிரி சேர்ந்தால் கணக்கு அங்கே வந்துவிடும். இறக்கம் தற்காலிகம்தான், ஆனால் நாள் முழுக்கத் தட்டு சுற்றிவந்தால் அது திரும்பத் திரும்ப நடக்கும். ஆகவே இனிப்பைச் சாப்பாட்டின் கடைசியில் ஒன்று என்று வையுங்கள். குளிர்பானத்தை விட்டுவிடுங்கள். சாப்பிட்டதும் சாய்ந்து படுக்காமல் 15 நிமிடம் தெருவில் நடங்கள், சர்க்கரை ஏறும் வேகம் அதில் குறையும்.

நீண்டநாள் கெடுதல் செய்வது வயிற்றுக் கொழுப்பு. அந்தக் கொழுப்பில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, ஹார்மோனை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதமும் குறைகிறது. தையல் டேப் ஒன்று வாங்கி வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளந்து எழுதுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு எல்லை 90 சென்டிமீட்டர். பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பை வைத்தவர்கள் பேன்ட்டை அதற்குக் கீழேதான் கட்டுகிறார்கள், பத்து வருடமாக அதே 34 என்று பெருமையும் படுகிறார்கள். இரண்டு வாரத்தில் 2 சென்டிமீட்டர் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு கரண்டியைக் குறையுங்கள். பட்டினி கிடக்க வேண்டாம், கடும் பட்டினியும் ஹார்மோனை இறக்கும்.

ஊரில் ஜிம் இல்லை என்பது ஒரு சாக்கு. இரண்டு பிளாஸ்டிக் குடத்தில் தலா 12 லிட்டர் தண்ணீர் பிடித்தால் கைக்கு 12 கிலோ. அதைத் தூக்கி 40 அடி நடை, 15 முறை உட்கார்ந்து எழுதல், 10 தண்டால். இது ஒரு சுற்று. ஒன்றரை நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று. 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாரம் மூன்று நாள் போதும். உடற்பயிற்சி முடிந்த கையோடு டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் ஏறும் என்பார்கள். அது சிறிது நேரத்தில் அடங்கிவிடும், கணக்கில் சேராது. தசையும் இடுப்பளவும்தான் கணக்கு.

மாலை போட்டவர்களுக்கு மதுவிலக்கு தானாக வந்துவிடுகிறது, அது பெரிய லாபம். குறை வருவது புரதத்தில். மூன்று வேளையும் இட்லி, பொங்கல், உப்புமா என்று ஓட்டாமல், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், கெட்டியான பருப்பு, தயிர் சேருங்கள். அதிகாலைக் குளியல் உண்டென்றால் பஜனை முடிந்ததும் படுத்துவிட வேண்டும். மாலையைக் கழற்றிய அன்றே 41 நாள் பாக்கியையும் சேர்த்துக் குடிக்கிற வழக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

லேகியம், பவுடர், ஊசி

தீபாவளி லேகியம் செரிமானத்துக்கு, ஹார்மோனுக்கு இல்லை. துத்தநாகம், வைட்டமின் டி மாத்திரைகள் குறைபாடு இருந்தால்தான் உதவும். துத்தநாகம் நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டித் தொடர்ந்தால் உடலில் செம்பு குறையும். அமுக்கரா (அஸ்வகந்தா) சில சிறிய ஆய்வுகளில் லேசான ஏற்றம் காட்டியது உண்மை, கல்லீரல் பாதிப்புப் பதிவுகளும் உண்மை. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்தது. லாட்ஜ் வைத்தியரின் சிட்டுக்குருவி லேகியம் வகையறாவில் சில்டனாஃபில் (வயாக்ராவில் உள்ள மருந்து) கலந்திருக்கக்கூடும். நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைத் தின்றால் ரத்த அழுத்தம் படுவீழ்ச்சி அடைந்து உயிருக்கே ஆபத்து.

தலை தீபாவளிக்கு உடம்பு ஏற்ற ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி இன்னும் மோசம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி எல்.எச். சுரப்பதை நிறுத்திவிடும், விதை சுருங்கும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைகூடப் போகும். நிறுத்தினாலும் திரும்பிவரப் பல மாதம் ஆகலாம். குழந்தைக்கு முயல்பவர் தொடவே கூடாது.

பரிசோதனை எப்போது

தை மாதச் சலுகை விலை ஹெல்த் செக்கப்பில் பலரும் தவறான எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். விருந்து வாரத்திலோ, காய்ச்சலின்போதோ, சாப்பிட்ட பிறகோ, மாலையிலோ ரத்தம் கொடுத்தால் குறைவாகவே காட்டும். இரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்கிச் சாப்பிட்டபின், காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுபவர் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், சில கருவிகளில் அது அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடி பாருங்கள், எல்.எச்., புரோலாக்டின் (பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோன்) இரண்டையும் சேர்த்து. எல்.எச். ஏறியிருந்தால் கோளாறு விதையில். ஏறாமல் இருந்தால் மேலே மூளைப் பக்கம் தேட வேண்டும்.

வெறும் அசதியை மட்டும் வைத்து இந்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். காலை விறைப்பு வாரக்கணக்கில் இல்லாமல் போவது, ஆசையே எழாதது, மார்பு வீங்கி வலிப்பது, தாடி வளர்ச்சி மெதுவாவது, இவற்றில் ஏதாவது இருந்தால் பொங்கல் முடியட்டும் என்று தள்ளாமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவரும், ஸ்டீராய்டு மாத்திரையோ டிரமடால் போன்ற வலிமருந்தோ நெடுநாளாக எடுப்பவரும் மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.