செயின் ரெண்டா பிரிஞ்சா உங்க வேலிடேட்டரை என்ன பண்ணணும்

எத்தீரியம் வேலிடேட்டர் (ஈத்தரைப் பணயமா வச்சு, எந்த பிளாக் சரின்னு ஓட்டு போடுற அமைப்பு) ஓட்டுறவங்க இத முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கங்க, பிரச்சனை வந்தப்புறம் படிக்க நேரம் இருக்காது.

செயினோட நுனில (ஹெட்) ஒண்ணு ரெண்டு பிளாக் மாறுறதெல்லாம் சகஜம், எந்தப் பக்கம் ஓட்டு அதிகமோ கிளையன்ட்டே (நோடு ஓட்டுற சாஃப்ட்வேர்) அங்க போயிடும், கை வைக்காதீங்க. நார்மலா ரெண்டு எபோக்ல (ஒரு எபோக்னா 12 செகண்ட் ஸ்லாட் 32), அதாவது 13 நிமிஷத்துக்குள்ள பிளாக் ஃபைனல் ஆகணும், இனி மாத்த முடியாதுன்னு உறுதியாகணும். ஆகாம நின்னுட்டே இருந்தாதான் பாக்கணும்.

மொதல்ல உங்க நோடு காட்டுற ஜஸ்டிஃபைடு ரூட்டையும் (மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வாங்குன செக்பாயிண்ட் பிளாக்கோட அடையாளம்), சமீபத்து ஸ்லாட் ஒண்ணோட பிளாக் ரூட்டையும் எடுத்து, வேற கிளையன்ட் ஓடுற ரெண்டு மூணு இடத்துல ஒத்துப் பாருங்க. ஒரே மாதிரி இருந்தா ஓட விடுங்க. 2023 மே மாசம் அப்படித்தான், பிரிஸம், டெக்குங்கற ரெண்டு கிளையன்ட்டும் லோடு தாங்காம திணறுச்சு, ஃபைனலிட்டி கொஞ்ச நேரம் போச்சு, அப்புறம் தானா வந்துருச்சு. அந்த நேரத்துல நல்லா ஓடுற வேலிடேட்டரை நிறுத்துனா நிலைமை இன்னும் மோசமாகும்.

ரூட் வேற வேறயா இருந்தா உடனே வேலிடேட்டர் கிளையன்ட்டை (ஓட்டுல கையெழுத்து போடுற புரோகிராம்) மட்டும் நிறுத்துங்க, நோடு ஓடட்டும். "மெஜாரிட்டி இந்தப் பக்கம்தான் இருக்கு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2025 பிப்ரவரில ஹோலெஸ்கிங்கற சோதனை நெட்வொர்க்ல பெக்ட்ரா அப்கிரேடு வந்தப்ப கெத், நெதர்மைண்ட், பெசு மூணு கிளையன்ட்லயும் டெபாசிட் கான்ட்ராக்ட் அட்ரஸ் தப்பா செட் ஆகியிருந்துச்சு, அதனால செல்லாத பிளாக்கை ஏத்துக்கிட்டு பெரும்பாலான வேலிடேட்டர் அந்தப் பக்கமே ஓட்டு போட்டு அதை ஜஸ்டிஃபை வேற பண்ணிட்டாங்க. இதுல மாட்டுனா வெளிய வர்றது கஷ்டம், ஏன்னா தப்பான செக்பாயிண்ட்டை சோர்ஸா (ஓட்டு தொடங்குற இடமா) வச்சு ஓட்டு போட்டுட்டு அப்புறம் சரியான செயினுக்கு வந்து பழைய சோர்ஸ்ல இருந்து ஓட்டு போட்டா முன்னாடி போட்ட ஓட்டை சுத்தி வளைச்ச மாதிரி ஆயிடும், அது ஸ்லாஷ் பண்ற குத்தம், அதாவது ஸ்டேக்ல இருந்து அபராதம் கழிச்சு வெளிய தள்ளிடுவாங்க. சரியான செயின் புது எபோக்கை ஜஸ்டிஃபை பண்ற வரைக்கும் காத்திருக்கணும். நிறுத்தி வச்சா மொதல் சில மணி நேரம் நஷ்டம் ரொம்ப கம்மி, அதனால தைரியமா நிறுத்துங்க.

கிளையன்ட் டீம் ஃபிக்ஸ் விட்டதும் அப்டேட் பண்ணி, நோடு சேத்து வச்ச செயின் டேட்டாவை (பீக்கன் டேட்டா) அழிச்சு, நம்பிக்கையான செக்பாயிண்ட்ல இருந்து சிங்க் பண்ணுங்க. ஆனா ஸ்லாஷிங் ப்ரொடெக்ஷன் டேட்டாபேஸை (நீங்க முன்னாடி போட்ட ஓட்டோட பதிவு) மட்டும் தொடவே தொடாதீங்க, தயவுசெஞ்சு. ஒரே கீயை ரெண்டு மெஷின்ல ஓட்டவும் கூடாது.

வேணும்னே ஏமாத்துறவங்களை நீங்க தேடிப் போக வேண்டாம். ஒரே ஸ்லாட்ல ரெண்டு பிளாக், ஒரே டார்கெட் எபோக்குக்கு ரெண்டு வேற வேற ஓட்டுன்னு போட்டா அவங்க கையெழுத்தே சாட்சி, எங்கயோ ஓடுற ஒரு ஸ்லாஷர் (இந்தக் குத்தத்தைக் கண்டுபிடிக்கிற புரோகிராம்) பாத்தா போதும், பிளாக்ல ஏறிடும். உடனே கழியறது கொஞ்சம்தான், பெரிய அடி 18 நாள் கழிச்சு வரும், அந்தக் காலத்துல எத்தனை பேர் சேர்ந்து மாட்டுனாங்களோ அதுக்கு ஏத்த மாதிரி. மூணுல ஒரு பங்கு ஸ்டேக் சேர்ந்து மாட்டுச்சுன்னா மொத்தமும் காலி. எல்லாரும் ஓட்டுற கிளையன்ட்டையே நீங்களும் ஓட்டாதீங்கன்னு நான் சொல்றது இதுக்காகத்தான், ஏன்னா அதுல ஒரு பக் வந்தா நேர்மையா ஓட்டுறவங்களும் அந்தக் கூட்டத்தோட சேர்ந்துதான் அடி வாங்கணும்.