நெல்லுக்கு உயிர்க்கரி: காட்மியத்தைத் தடுக்கப் போய் ஆர்செனிக்கை அவிழ்த்துவிடாதீர்கள்

காற்றைக் குறைத்துப் பயிர்க்கழிவைச் சுட்டெடுக்கும் கரிதான் உயிர்க்கரி (பயோசார்). காட்மியம் என்ற நச்சு உலோகம் நெல்மணியில் ஏறுவதை அது குறைக்கும் என்பது உண்மைதான். சுரங்கமும் உருக்காலையும் கெடுத்த சீனாவின் ஹுனான் மாகாண வயல்களை வைத்து இதில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு, 'கன உலோகமா, கரியைப் போடு' என்று கிளம்புவதுதான் பெரிய தவறு.

காட்மியம், ஈயம் இரண்டுக்கும் நேர்மின்சுமை. கரி மண்ணின் அமிலத்தைத் தணித்ததும் அவை மண்ணோடும் கரியோடும் ஒட்டிக்கொள்ளும். வேருக்குக் கிடைப்பது குறையும். ஆர்செனிக் அப்படியல்ல. தண்ணீர் கட்டிய வயலில் இரும்புத் துருவைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆர்செனிக், துரு கரையக் கரைய வெளியே வரும். கரி அந்தக் கரைதலைத் தூண்டிவிடக்கூடும். காரம் கூடினாலும், கரியிலுள்ள பாஸ்பேட் ஆர்செனிக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் இதே கதைதான். மேற்கு வங்கத்தில் குழாய்க் கிணற்று நீரால் ஆர்செனிக் சேர்ந்த வயல்களில் வெறும் கரியைக் கொட்டினால் நிலைமை மோசமாகவும் கூடும். அங்கே இரும்பு ஏற்றிய கரியைத்தான் யோசிக்க வேண்டும்.

தண்ணீரை மறந்துவிடுவது அடுத்த தவறு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது ஆர்செனிக்கைக் குறைக்கும், காட்மியத்தை ஏற்றும். கதிர் வந்து பால் பிடிக்கும் நேரத்தில் வயல் காய்ந்தால், தண்ணீருக்கடியில் கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடாகக் கட்டுண்டு கிடந்த காட்மியம் விடுபட்டு மணிக்குப் போகும். கரி போட்டாயிற்றே என்று, காட்மியம் உள்ள வயலில் அப்போது நீரை வடித்துவிடாதீர்கள்.

அளவிலும் ஏமாறுவார்கள். தொட்டிச் சோதனையில் மண் எடையில் '2 சதவீதம்' கரி என்றால் கொஞ்சமாகத் தெரியும். ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண் சுமார் 2,000 டன். அதில் 2 சதவீதம் 40 டன், ஏக்கருக்கு 16 டன்! அவ்வளவு கரிக்கு எங்கே போவது?

மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) ஏற்கெனவே 8, அதாவது காரம் என்றால் பலன் சொற்பம். துத்தநாகப் பற்றாக்குறைதான் மிஞ்சும். மாசுபட்ட வயலின் வைக்கோலையோ சாக்கடைச் சேற்றையோ கரியாக்குவதும் வேண்டாம். எடை குறையுமே தவிர ஈயமும் செம்பும் அதிலேயே இருக்கும், இன்னும் அடர்த்தியாக.

சரி, பலன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது? மண்ணின் மொத்தக் காட்மியத்தை அளந்தால் கரிக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே எண்தான் வரும். கரி அதை அகற்றுவதில்லை, கட்டித்தான் வைக்கிறது. மண் மறுபடி அமிலமானால் அந்தக் கட்டும் தளரும். அதனால் அரிசியைப் பரிசோதிக்கக் கொடுங்கள், அதுவும் ஒரு போகத்தோடு நிறுத்தாமல். தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு கிலோவுக்குக் காட்மியம் 0.4 மி.கி., கனிம ஆர்செனிக் 0.2 மி.கி. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.