அனிலீன் 184இல் கொதிக்குமா, 69இலா? சேதனச் சேர்வைகளின் இயல்புகளைத் தேடும் முறை

உப்புவெளியில் என்னிடம் உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளிடம் அனிலீன் என்ற சேதனத் திரவத்தின் கொதிநிலையைத் தேடி வரச் சொன்னேன். நான்கு விடைகள் வந்தன: 184, 363, 457, 69. நான்குமே சரியான எண்கள்தான். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் பப்கெம் (PubChem) என்ற சேர்வைத் தரவுத் தளத்தைத் திறவுங்கள். இலவசம், போனிலேயே பார்க்கலாம். கூகிளில் பெயரைப் போட்டு, மேலே தெரியும் எண்ணை அப்படியே எழுதி வராதீர்கள். எந்த நிபந்தனையில் அளந்தது என்று பெரும்பாலும் அங்கே இருக்காது.

பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சலாம். எனக்குப் பிடித்தது சீஏஎஸ் (CAS) எண், ஒவ்வொரு சேர்வைக்கும் தனித்தனியாகக் கொடுத்த பதிவெண். ஒரே சேர்வைக்குப் பத்துப் பெயர் இருக்கும், எண் குழப்பாது. அனிலீனுக்கு 62-53-3. அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கானது. அதை விட்டுவிட்டு, வலமிருந்து இடமாக 3ஐ 1ஆல், 5ஐ 2ஆல், 2ஐ 3ஆல், 6ஐ 4ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 3+10+6+24=43. கடைசியில் 3 வருகிறதா? சரி, போத்தலைப் பார்த்து எண்ணைப் பெரும்பாலும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள்.

இயல்புகள் பகுதியில் முதலில் வருவது கணினி கணித்த பெறுமானங்கள். அதைத் தாண்டிக் கீழே போனால் பரிசோதனையில் அளந்தவை இருக்கும்.

அப்புறம் அலகு. 363 என்பது பரனைற்று. 457 கெல்வின், அமெரிக்க அரச அளவீட்டு நிறுவனமான நிஸ்ட்டின் (NIST) வெப்புக் தளத்தில் எடுத்தது. 273ஐக் கழித்தால் 184 வந்துவிடும். கொதிநிலைக்கு நான் நம்புவது நிஸ்ட்டைத்தான். வெவ்வேறு ஆய்வாளர்கள் அளந்ததை ஆதாரத்தோடு வரிசையாகத் தருகிறது.

மிச்சம் 69. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நானும் இதே எண்ணைத்தான் எழுதினேன். ஹெக்சேன் கொதிப்பதும் 69இல். ஆகவே இரண்டும் ஒரே அளவு இலகுவாக ஆவியாகும் என்று அறிக்கையில் ஒரு பந்தி முழுக்க எழுதி வைத்தேன். அட்டவணையில் 69இன் தலைமேல் பொடியாக ஒரு 10 அச்சாகியிருந்தது. அடிக்குறிப்பின் எண் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். அது அமுக்கம்: 10 மில்லிமீற்றர் இரசம். வழமையான வளிமண்டல அமுக்கம் 760. ஒரு திரவத்தின் ஆவியமுக்கம் வெளியமுக்கத்தை எட்டும்போதுதான் அது கொதிக்கிறது. வெளியமுக்கம் 10ஆகக் குறைந்தால் அனிலீனுக்கு 69 பாகையே போதும். சூடாக்கினால் சிதைந்துவிடும் சேர்வைகளை அமுக்கத்தைக் குறைத்துக் காய்ச்சி வடிப்பதும் இதனால்தான்.

எனவே கொப்பியில் இப்படி எழுதப் பழக்குங்கள்: 184 பாகை செல்சியஸ், 760 மில்லிமீற்றர் இரசத்தில், எடுத்த தளம். அமுக்கம் எழுதாத கொதிநிலைக்கு நான் புள்ளி போடுவதில்லை.

பின்னர் சேர்த்தது: மூதூரில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டார், "2-மெதைல்புரொப்பன்-2-ஓல் அறைவெப்பநிலையில் திண்மம் என்று போட்டிருக்கிறது, எங்கள் போத்தலில் திரவமாக இருக்கிறதே, பழுதாகிவிட்டதா?" இல்லை. அதன் உருகுநிலை ஏறக்குறைய 25.5 பாகை. அட்டவணைக்காரர்களின் அறை 20 அல்லது 25 பாகை, திருகோணமலையில் நம் ஆய்வுகூடம் மத்தியானத்தில் 30ஐத் தாண்டும். அதே போத்தலை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் உறைந்துவிடும். உருகுநிலை 20க்கும் 35க்கும் இடையில் இருந்தால், திண்மம், திரவம் என்ற சொல்லைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.