உலக வரலாற்று வகுப்புக்கு எதிர்பார்ப்புத் தாளும் மதிப்பெண் முறையும்: முதன்முறை தயாரிப்பவர்களுக்கு

"என் மகளுக்கு ஏன் 72? அவள் தோழிக்கு எப்படி 81?" என்று ஒரு பெற்றோர் கேட்டால், மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து இரண்டே வாக்கியங்களில் விளக்க முடிய வேண்டும். மூன்றாவது வாக்கியம் தேவைப்பட்டால் முறையில் எங்கோ சிக்கல் இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான உலக வரலாற்று வகுப்புக்கு நான் இப்போது பயன்படுத்தும் முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். பாடத்திட்டம், கால அட்டவணை, வருகைப் பதிவு ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவைதாம். நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: எதை அளக்கிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் ஆண்டு முடிவில் மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். என் தாளில் நான்கு வரிகள் உள்ளன: நிகழ்வுகளைக் காலவரிசையில் வைத்துக் காரணம் சொல்லுதல்; ஒரு முதன்மைச் சான்றை (அந்தக் காலத்திலேயே உருவான எழுத்தை அல்லது பொருளை) படித்து அது என்ன சொல்கிறது, யார் சொல்கிறார் என்று பிரித்தறிதல்; சொல்லும் கருத்துக்குச் சான்று காட்டுதல்; இரண்டு நாகரிகங்களை ஒப்பிடுதல்.

இந்த நான்கில் அடங்காத எதற்கும் மதிப்பெண் கிடையாது. அழகான கையெழுத்து, வண்ண அட்டை, அமைதியாக உட்கார்ந்திருத்தல், நேரத்துக்கு ஒப்படைத்தல் எல்லாம் நல்லவை. ஆனால் அவற்றை வரலாற்று மதிப்பெண்ணில் கலந்துவிட்டால், சான்றே காட்டத் தெரியாத பிள்ளைக்கு 85 வரும். மெசப்பொட்டேமியாவைக் கரைத்துக் குடித்த பிள்ளைக்கு 64 வரும். பழக்கங்களுக்குத் தனி நிரல் ஒன்று வைத்துக்கொண்டு, தேர்ச்சி அறிக்கையில் தனியாகக் காட்டுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

படி 2: எதிர்பார்ப்புத் தாள், ஒரே பக்கம்

வகுப்பில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மாணவருக்குச் சொல்லும் தாள் இது. "ஒழுக்கமாக நடந்துகொள்" என்ற வரியால் பயனில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு என்ன செய்யும்? செய்யக்கூடிய செயலாக எழுதுங்கள்:

"கருத்துச் சொன்னால், அது எந்தச் சான்றிலிருந்து வந்தது என்றும் சொல்வேன்."
"நண்பரின் கருத்தை மறுக்கலாம், மறுக்குமுன் அவர் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்வேன்."
"கடந்த கால மக்களின் உடை, உணவு, வழிபாடு எதையும் கேலி செய்ய மாட்டேன்."

மூன்றாவது வரி வரலாற்று வகுப்புக்கு மிகமிகத் தேவை. எகிப்தியர்கள் உடல்களைப் பதப்படுத்தியதைச் சொன்னாலே வகுப்பில் முகச்சுளிப்பு தொடங்கிவிடும். சமயங்களின் தோற்றத்தை நடத்தும்போது இன்னும் கவனம் வேண்டும். பௌத்தம், கிறித்தவம், இஸ்லாம் ஆகியவற்றைப் பற்றிய விடையில், அந்தச் சமயத்தினர் எதை நம்புகிறார்கள் என்று சரியாக விவரிப்பதற்கே மதிப்பெண். அந்த நம்பிக்கை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதற்கு இல்லை. இதைத் தாளிலேயே எழுதிவிடுங்கள். பெற்றோரின் பாதி ஐயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடிமை முறையைப் பற்றிய பாடத்தில் மாணவர்களை அடிமைகளாகவும் உரிமையாளர்களாகவும் நடிக்கவைக்கும் பயிற்சிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். சான்றுகளைப் படிக்கவைத்தாலே போதும்.

படி 3: நான்கு நிலை அளவுகோல்

பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடுவதைவிட நான்கு நிலைகள் எனக்குப் பிடிக்கும். பத்துக்கு ஆறா ஏழா என்று திருத்துபவருக்கே தெரியாது. இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆனால் "சிறப்பு, நன்று, பரவாயில்லை" என்று பெயர் மட்டும் கொடுத்தால் அளவுகோல் ஆகாது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மாதிரி விடை வேண்டும். ஒன்றை முழுமையாகக் காட்டுகிறேன்.

சான்று: ஹம்முராபியின் சட்டக் கல். கி.மு. 18ஆம் நூற்றாண்டுப் பாபிலோனிய அரசனின் சட்டங்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஈரானின் சூசாவில் 1901-02இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாணவர்களுக்கு 196, 198, 199 ஆகிய மூன்று சட்டங்களை மட்டும் கொடுங்கள். கேள்வி: இந்தச் சட்டம் எல்லோரையும் சமமாக நடத்தியதா?

நிலை 1: "இல்லை. அது மிகக் கொடுமையான சட்டம்." கருத்து இருக்கிறது, சான்று இல்லை.

நிலை 2: "சமமாக நடத்தவில்லை. அடிமைகளுக்கு வேறு தண்டனை இருந்தது." திசை சரி. எந்தச் சட்டம், என்ன தண்டனை என்று காட்டவில்லை.

நிலை 3: "உயர்குடியினர் ஒருவரின் கண்ணைக் குருடாக்கினால், குருடாக்கியவரின் கண் பறிக்கப்படும் என்கிறது 196. சாமானியரின் கண் என்றால் ஒரு மினா (அக்கால எடையளவு) வெள்ளி கொடுத்தால் போதும் என்கிறது 198. ஆகவே சமமாக நடத்தவில்லை." கருத்து, சான்று, இரண்டையும் இணைக்கும் முடிவு மூன்றும் உள்ளன.

நிலை 4: மேலே சொன்னதோடு, "அடிமையின் கண்ணுக்கு அவருடைய விலையில் பாதி என்கிறது 199. விலையை வைத்துக் கணக்கிட்டதால் அடிமையைப் பொருளாகவே பார்த்திருக்கிறார்கள். ஆனால் இது அரசன் பொறிக்கச் செய்த கல். வழக்குகளில் உண்மையில் இப்படியே தீர்ப்பு வழங்கினார்களா என்பதை இந்தக் கல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் வரலாறு நடத்துகிறேன். ஒரு சான்று எதுவரை பேசும், எங்கே வாயை மூடிக்கொள்ளும் என்று ஒரு பிள்ளை கண்டுகொண்டால், இனி அது எதைப் படித்தாலும் அந்தக் கேள்வியோடு படிக்கும்.

நிலைகளை நூற்றுக்கு மாற்றும்போது நான்கால் வகுக்காதீர்கள். மூன்றாம் நிலை என்பது எதிர்பார்த்ததை நிறைவாகச் செய்த நிலை; அதற்கு 75 போட்டால் பிள்ளை துவண்டுபோகும். இரண்டாம் நிலைக்கு 50 என்றால் அது தோல்வியாகவே தெரியும். நான் 4க்கு 100, 3க்கு 88, 2க்கு 75, 1க்கு 60 என்று வைத்திருக்கிறேன். உங்கள் பள்ளியின் தேர்ச்சி எல்லைக்கு ஏற்ப இவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

படி 4: வெயிட்டேஜும் வெற்றுக் கட்டமும்

மற்ற எல்லாப் படிகளையும்விட என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது இதுதான்.

எல்லா மதிப்பெண்களையும் கூட்டி மொத்தத்தால் வகுப்பது எளிதாகத் தோன்றும். ஒரு கணக்குப் பாருங்கள். பத்து மதிப்பெண் சான்றுப் பயிற்சிகள் எட்டு, மொத்தம் 80. ஒரு சுவரொட்டிச் செயல்திட்டம், 100. ஒரு மாணவர் எட்டுப் பயிற்சிகளிலும் பாதிப் பாதியாக 40 எடுக்கிறார், சுவரொட்டிக்கு 95. மொத்தம் 180க்கு 135, அதாவது 75 விழுக்காடு. பல வாரங்களாகச் சான்றைப் படிக்கத் திணறியதை ஒரு சுவரொட்டி மறைத்துவிட்டது. அதையே பயிற்சிக்கு 70, சுவரொட்டிக்கு 30 என்று வெயிட்டேஜ் (நூற்றில் ஒவ்வொன்றுக்கும் உள்ள பங்கு) வைத்துப் போட்டால் 35ம் 28.5ம் சேர்ந்து 63.5 வரும். இந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்று அந்த எண் சொல்கிறது.

நான் பிரித்திருப்பது: சான்று சார்ந்த எழுத்து 40, அலகுத் தேர்வு 25, செயல்திட்டம் 20, அன்றாடப் பயிற்சி 15.

அடுத்தது சுழியம். மூன்று பயிற்சிகளில் 90, 85, 95 எடுத்த மாணவி நான்காவதை ஒப்படைக்கவில்லை. அங்கே சுழியம் போட்டால் சராசரி 67.5. கட்டத்தை வெறுமையாக விட்டால் 90. எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலுமே சராசரிச் சூத்திரம் வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் எடுக்காது, சுழியத்தை எடுக்கும். விடுப்பில் இருந்தவருக்கு "விடுப்பு" என்று சொல்லாகவே எழுதுங்கள். கட்டங்களின் வரிசையைச் சூத்திரத்தில் கொடுத்திருந்தால் சொற்களும் சராசரியில் சேராது. ஒப்படைக்காதவருக்கு "நிலுவை" என்று எழுதி, அலகுத் தேர்வு நாள் வரை அவகாசம் கொடுங்கள். அதன்பிறகும் வராவிட்டால் நான் 50 போடுகிறேன். சுழியம்தான் நியாயம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை: ஒரே ஒரு சுழியம் மற்ற மூன்று பயிற்சிகள் சொன்னதை அழித்துவிடுகிறது.

மென்பொருளைப் பொறுத்தவரை, கட்டணம் கட்டி வாங்கும் மதிப்பெண் செயலிகளைவிடச் சாதாரண விரிதாளே எனக்கு வசதி. கணக்கு எப்படி வந்தது என்று கட்டத்தைச் சொடுக்கிப் பெற்றோரிடம் காட்டலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர், பருவத் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளின் மொத்தமும் தாறுமாறாகக் குறைந்து தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். செயல்திட்டம் இன்னும் நடக்காததுதான் காரணம். எழுத்தில் 75, அலகுத் தேர்வில் 80, அன்றாடப் பயிற்சியில் 90 எடுத்தவருக்கு 30, 20, 13.5 சேர்ந்து 63.5 வரும். ஆனால் இதுவரை நடந்தவற்றின் வெயிட்டேஜ் 80தான். 63.5ஐ 80ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 79.4. அதுதான் அவருடைய இப்போதைய நிலை. "கிடைத்தது", "நடந்தது" என்று இரண்டு நிரல்கள் கூடுதலாக வைத்து ஒன்றை மற்றதால் வகுத்துவிடுங்கள்.

படி 5: அலகுத் தேர்வும் செயல்திட்டமும்

"கிறித்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 95 கருத்துரைகளை வெளியிட்ட ஆண்டு எது?" என்று கேட்டால் 1517 என்று எழுதிவிட்டு மறந்துபோவார்கள். "குட்டன்பர்க்கின் அச்சு முறை 15ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது, லூதரின் கருத்துரைகள் 1517இல் வந்தன. இந்த வரிசை தலைகீழாக இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்?" என்று கேளுங்கள். ஆண்டும் நினைவில் நிற்கும், ஆண்டின் பயனும் புரியும்.

செயல்திட்டத்துக்கு ஒரே நிபந்தனை: செய்தவர் சில நிமிடங்கள் வாய்மொழியாக என் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். அட்டைப் பிரமிடை அப்பா ஒட்டியிருந்தாலும், கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவு எழுதியிருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். மதிப்பெண்ணில் பாதி அந்த விடைகளுக்குத்தான்.

படி 6: மீண்டும் எழுதும் வாய்ப்பு

சான்று சார்ந்த எழுத்துக்கு மட்டும் கொடுங்கள். நிபந்தனை எளிது: "முதல் விடை நிலை 2. சட்ட எண்ணைக் காட்டவில்லை. இப்போது சேர்த்திருக்கிறேன்" என்பதுபோல் மாற்றியதை மாணவரே மேலே எழுதித் தர வேண்டும். புதிய நிலை பழையதற்குப் பதிலாக வரும். இரண்டின் சராசரி வேண்டாம். கற்றுக்கொண்ட பிறகும் கற்காத நாளுக்கான தண்டனை தொடரக்கூடாது.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் இது முடியுமா என்ற கேள்வி திரும்பத்திரும்ப வருகிறது. எல்லாப் பயிற்சிக்கும் மதிப்பெண் இடாதீர்கள். மூன்றில் இரண்டை மாணவர்களே மாதிரி விடைகளை வைத்துத் தங்களுக்குள் திருத்தட்டும். மூன்றாவதை நீங்கள் திருத்துங்கள். திரும்ப எழுதுபவர்களின் எண்ணிக்கை தானாகவே குறையும்.

பருவத்தின் நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேரும் மாணவருக்கு, சேர்வதற்கு முந்தைய எல்லாக் கட்டங்களிலும் "விடுப்பு" என்றே எழுதுங்கள். முதல் வாரத்தில் ஹம்முராபிப் பயிற்சியை மட்டும் கொடுத்து, மதிப்பெண் இடாமல் நிலையை மட்டும் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.