புளி போட்டுத் தேய்த்த ரூபாய்: பழங்காசும் பிழைக்காசும் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் 1918-ம் வருஷத்து ஜார்ஜ் ரூபாய், அதாவது ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று இருக்கிறது. அமுச்சியின் (அம்மாவைப் பெற்றவர்) தகரப் பெட்டியில் கருத்துப்போய்க் கிடந்தது. பதினாறு வயதில் அதை எடுத்து, செம்பு விளக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கண்ணாடியாக மின்னியது. பத்து வருஷம் கழித்து ஈரோட்டில் ஒரு பழங்காசு வியாபாரியிடம் காட்டினால், மனுஷன் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "தேச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க. இனி வெள்ளி வெலைக்குத்தானுங்க போகும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிமேல் படியும் கருப்பு அழுக்கு அல்ல. காற்றில் இருக்கும் கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டாகிற படலம் அது. போகட்டும், தேய்ப்பதால் வரும் பெரிய நஷ்டம் வேறு. அச்சு ஓங்கி அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து ஓடுகிறது. அந்த ஓட்டம் விட்டுப்போன நுண்ணிய கோடுகள்தான் புதுக்காசின் மினுக்கம். விளக்குக்கு அடியில் காசைச் சாய்த்து மெல்லத் திருப்பினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல ஒளி சுற்றி வரும். தேய்த்த காசும் பளபளக்கும். ஆனால் ஒளி சுற்றாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடிக்கும். பழகிய கண்ணுக்கு இது ஒரு நொடி வேலை. புளி, எலுமிச்சை, பல்பொடி, பீதாம்பரி எல்லாமே இந்த விஷயத்தில் ஒன்றுதான். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தர நிறுவனங்கள் 70 வரை போகும் அளவுகோலில் காசுக்கு எண் கொடுப்பவை. கடுமையாகத் தேய்த்த காசுக்கு எண் இல்லை, 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்புதான் கிடைக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் என்றால், காற்றோட்டமான இடத்தில், அடுப்பு பக்கம் போகாமல், சுத்தமான அசிட்டோனில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்துத் தானாக உலர விடலாம். துணியால் துடைக்கக் கூடாது.

சரி, பிழைக்காசுக்கு, அதாவது நாணயச்சாலையில் செய்யும்போதே கோளாறாகிப்போன காசுக்கு வருவோம். இங்கே பணம் போவதற்கு ஒரே காரணம்தான். கையில் இருக்கும் கோளாறு நாணயச்சாலைக்குள் நடந்ததா, வெளியே வந்தபிறகு நடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. வித்தியாசமாக இருந்தால் போதும், வாங்கிவிடுகிறோம்.

நானும் வாங்கினேன். அந்தியூர் ஆடித் திருவிழாவுக்குக் குதிரை பார்க்கப் போன இடத்தில், தரையில் துணி விரித்து ஒருவர் காசு பரப்பியிருந்தார். எண்பதுகளின் ஒரு ரூபாய், ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கடி. கடிபட்ட காசு நிஜமாகவே உண்டு. தட்டை சுடும்போது, தேய்த்த மாவில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டுவோம் இல்லையா? முன்பு வெட்டிய ஓட்டையின்மேல் டம்ளர் கொஞ்சம் ஏறிவிட்டால், அடுத்த வட்டத்தில் ஒரு பிறை குறையும். நாணயச்சாலையிலும் உலோகத் தகட்டில் வில்லை வெட்டும்போது நடப்பது அதேதான்.

ஆனால் நிஜக் கடிக்கு ஒரு சாட்சி உண்டு. அதைத் தேட வேண்டியது எதிர்ப்பக்க விளிம்பில். வெட்டிய வில்லையை உருட்டி நெருக்கி விளிம்பைத் தூக்குகிறார்கள். ஒரு பக்கம் உலோகமே இல்லாதபோது, நேர் எதிர்ப்பக்கத்துக்கு நெருக்கு விழாது. அங்கே விளிம்பு மங்கி, சில சமயம் காணாமலே போயிருக்கும். எல்லாக் காசிலும் பளிச்சென்று தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அடுத்தது கடியின் ஓரத்து எழுத்துகள். நிஜக் கடியில் அவை இழுபட்டு, கடியை நோக்கி மெலிந்திருக்கும். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்தேன். எதிர் விளிம்பு கல்லுப் போல நிமிர்ந்து நின்றது. எழுத்து கத்தியால் நறுக்கியது மாதிரி முடிந்தது. கடிக்குள்ளே அரத்தின் கீறல் வரிசை. தராசில் வைத்தும் பயனில்லை. கடித்தாலும் ராவினாலும் எடை குறையத்தான் செய்யும்.

இன்னொன்று, சேகரிப்பவர்கள் 'லக்கி' என்று சொல்லும் காசு. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, அடுத்த வில்லை வந்து அதன்மேல் அடிபடும். ஒரு பக்கம் ஒழுங்கான உருவம்; மறுபக்கம் அதே உருவம் குழியாக, இடம்வலம் மாறி விழும். அழகான பிழை. ஆனால் இரண்டு காசை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வைஸில் (பட்டறை இடுக்கியில்) இறுக்கினாலும் குழிந்த உருவம் விழும். கோவையில் தெருவுக்கு ஒரு லேத் பட்டறை, வைஸுக்கா பஞ்சம்? நிஜ லக்கியில் குழிந்த பக்கத்தில் அந்தக் காசின் சொந்த உருவத்தின் சுவடே இருக்காது, ஏனென்றால் அது அங்கே அடிக்கப்படவே இல்லை. இறுக்கிய காசில் சொந்த உருவம் நசுங்கிப்போய்க் குழிக்கு அடியில் எட்டிப் பார்க்கும். அதன் மறுபக்க மேடுகளும் தட்டையாகியிருக்கும்.

பிழையே இல்லாததைப் பிழை என்று நினைப்பது வேறு ரகம். வருஷத்துக்குக் கீழே குறி இல்லாத காசை 'குறி விட்டுப்போனது' என்று விற்கிறார்கள். கொல்கத்தா நாணயச்சாலைக் காசில் குறியே கிடையாது. இப்போதைய காசுகளில் வைரக்குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, அவ்வளவுதான். பத்து ரூபாய்க் காசில் கோடு பத்தா பதினைந்தா என்ற ஆராய்ச்சியும் வீண். நம்ம ஊர் பஸ்ஸில் கண்டக்டர் வாங்க மறுத்த காலத்திலேயே, அதாவது 2018 ஜனவரியில், 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 1911-ன் 'பன்றி ரூபாய்' சேகரிக்கத் தக்கதுதான். ஆனால் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிந்தது வரைந்தவர் கையின் கோளாறு. அடித்ததில் கோளாறு இல்லை.

தரம் பார்க்கும்போது நம் காசுக்கு நாமே மார்க் போட்டால் தாராளமாகத்தான் போடுவோம். ஜார்ஜ் ரூபாய் என்றால் முதலில் தேய்வது மேடான இடங்கள்: புருவம், கன்னம், கிரீடம். அந்த இடத்தின் நிறம் பக்கத்துத் தளத்திலிருந்து மாறி, வழவழவென்று மங்கியிருந்தால் புழங்கிய காசு. மேடு முழுசாக எழும்பாமல், ஆனால் மினுக்கத்தோடு கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் அது அச்சு சரியாக விழாத காசு. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அப்புறம், விளிம்பை ஒரு சுற்று பாருங்கள், முக்கியமாகத் தலைக்கு நேர் மேலே. மாலையில் கோத்துப் போட்ட காசுகள் நம் வீடுகளில் நிறைய. வளையத்தை எடுத்துவிட்டு ஆசாரி எவ்வளவு நேர்த்தியாக ராவினாலும் பற்றவைத்த தடம் அங்கே நிறம் மாறிக் காட்டிக் கொடுக்கும்.

"நொய்யல் ஆத்துல கெடச்சதுங்க" என்று ரோமக் காசு நீட்டுபவர்களும் உண்டு. கதை நம்பும்படி இருப்பதுதான் ஆபத்து. 1842-ல் கோவை பக்கத்து வெள்ளலூரில் ஒரே புதையலாக 522 ரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கரூர் அமராவதி மணலில் சேரர் காசும் ரோமக் காசும் கிடைத்ததும் உண்மை. வார்ப்புப் போலி என்றால் விளிம்பில் தையல் போல ஒரு கோடும், தளத்தில் ஊசிமுனைக் குழிகளும் தெரியலாம். நிஜமாகவே மண்ணில் கிடைத்தது என்றால் சிக்கல் இன்னும் பெரிசு: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருஷத்துச் சட்டம். ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 'கம்பெனிக் காசு' விற்க வந்தால் பேரமே வேண்டாம். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் என்று பேச்சு போனால் எழுந்து வந்துவிடுங்கள்.

2012-ன் வைஷ்ணோ தேவி அஞ்சு ரூபாய்க்கு லட்சம் தருகிறேன் என்று ஒரு போன் வரும். முதலில் கமிஷனும் வரியும் கட்டச் சொல்வார்கள். ரிசர்வ் வங்கி பெயரிலேயே இப்படிக் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. காசை வாங்குகிறவர் உங்களிடம் எதற்குங்க பணம் கேட்க வேண்டும்?

பத்திரப்படுத்துவதில் பெரிய ரகசியம் இல்லை. ரப்பர் பேண்டும் மிருதுவான பிவிசி உறையும் வேண்டாம். முதலாவது கந்தகத்தால் கருக்கும், இரண்டாவது நாளடைவில் பச்சைப் பிசின் விடும். விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். அட்டை உறையில் இருந்து காசை எடுக்கும்போது ஸ்டேப்ளர் முள்ளை முதலில் முழுசாகக் கழற்றிவிடுங்கள். தேய்க்காமல் தப்பித்த ஒரு நல்ல ரூபாயின் கன்னத்தில் நான் கோடு போட்டது அந்த முள்ளால்தான்.