பார்ட்டிக்கு ஸ்டார்ட்டர்: எதை முதல் நாளே முடிப்பது, எதைச் சூடாகக் கொடுப்பது

வீட்டில் பார்ட்டி என்றதும் எல்லோரும் முதலில் யோசிப்பது என்னென்ன ஸ்டார்ட்டர் செய்யலாம் என்றுதான். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: ஆட்கள் வந்து உட்காரும்போது நீங்கள் அவர்களோடு இருக்கப்போகிறீர்களா, அடுப்புக்கு முன்னால் நிற்கப்போகிறீர்களா? ஒருமுறை நான் மூன்று வகை பொரித்தது வைத்துக்கொண்டு, கடைசித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பாதிப் பேர் சாப்பாட்டுக்கே போய்விட்டிருந்தார்கள். அன்றிலிருந்து சூடாகக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான், மீதியெல்லாம் முன்கூட்டியே செய்து வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

நான்கு வகை போதும். பின்னால் முழுச் சாப்பாடு இருந்தால் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 5 அல்லது 6 துண்டு, ஸ்டார்ட்டர்தான் சாப்பாடே என்றால் 10 முதல் 12 வரை கணக்கு வையுங்கள். சாப்பாடும் உண்டு, 20 பேர் வருகிறார்கள் என்றால் மொத்தம் 120 துண்டு, அதாவது வகைக்கு 30. ஒரு கையில் டம்ளர் இருக்கும் என்பதை மறக்காதீர்கள், எதுவானாலும் ஒரு கையால் எடுத்து ஒன்றிரண்டு கடியில் முடியவேண்டும். நான்கும் ஒரே மாதிரி இருக்கவும் கூடாது: ஒன்று மொறுமொறுப்பாக, ஒன்று கிரீம் போல, ஒன்று கொஞ்சம் புளிப்பாக, ஒன்று சும்மா பச்சைக் காய்.

சூடான அந்த ஒன்றுக்கு என் தேர்வு உருளைக்கிழங்கு சீஸ் உருண்டை. 30 உருண்டைக்கு முக்கால் கிலோ உருளைக்கிழங்கு, 150 கிராம் துருவிய சீஸ், 3 மேசைக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃப்ளார்), மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். கிழங்கை வெட்டாமல் தோலோடு வேகவையுங்கள், வெட்டினால் தண்ணீர் குடித்துவிடும். சூட்டோடு உரித்துத் தட்டில் பரப்பி ஆவி போகவிட்டு, அப்புறம் மசிக்காமல் துருவுங்கள், கட்டியே இருக்காது. நன்றாக ஆறியபின்தான் சீஸ் சேர்க்க வேண்டும், சூட்டில் போட்டால் அங்கேயே உருகிப் பிசுபிசுக்கும். சீஸிலேயே உப்பு இருப்பதால் ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள். சின்ன எலுமிச்சை அளவுக்கு உருட்டி, நீர்க்கக் கரைத்த மைதாவில் முக்கி, பிரெட் தூளில் புரட்டி, குறைந்தது அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இந்த உருண்டை எண்ணெயில் வெடிப்பதுதான் பலருடைய புகார். உள்ளே ஈரம் அதிகமாக இருந்தால் அது ஆவியாகிக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், பிரெட் தூள் ஒட்டாத இடம் இருந்தால் சீஸ் அந்த வழியாகவே கசியும். அதனால் உருண்டையை விரலில் திருப்பிப் பார்த்து, வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மறுபடி கரைசலைத் தொட்டு வைத்துத் தூளில் அழுத்துங்கள். எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையா, ஒரு சிட்டிகை பிரெட் தூளைப் போட்டுப் பாருங்கள், உடனே நுரைத்து மேலே வரவேண்டும், ஆனால் கறுக்கக் கூடாது. ஒரு நடைக்கு ஐந்தாறுதான், அள்ளிப் போட்டால் எண்ணெய் ஆறிப்போய் உருண்டை எண்ணெய் குடிக்கும். போட்டதும் கரண்டியால் கிளறாதீர்கள், மேல்பக்கம் கொஞ்சம் இறுகட்டும். எடுத்ததைக் கம்பித் தட்டில் வையுங்கள். மூடி போட்டால் ஆவி பட்டு நமத்துவிடும்.

இரண்டாவது, தொட்டுக்கொள்ளத் தயிர் டிப். அரை லிட்டர் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வடியவிடுங்கள். காலையில் கிரீம் போல இருப்பதில் எலுமிச்சைச் சாறு, உப்பு, ஒரே ஒரு சின்னப் பூண்டுப் பல்லை நசுக்கிச் சேருங்கள். பச்சைப் பூண்டு நேரம் ஆக ஆகக் காரம் ஏறும், அதனால் ஆசைப்பட்டு இரண்டு போட வேண்டாம். குளிர்ச்சியில் உப்பு மந்தமாகத் தெரியும், ஆகவே குளிரவைத்த பிறகு மறுபடி ருசி பாருங்கள்.

மூன்றாவது, டிப்போடு கேரட், வெள்ளரி, குடைமிளகாய். கேரட்டை முதல் நாளே வெட்டிக் குளிர்ந்த தண்ணீரில் ஃபிரிட்ஜில் வைக்கலாம், வெள்ளரியை அன்றைக்கு வெட்டுங்கள். உப்புத் தூவினால் நீர் விடும்.

நான்காவது டோஸ்ட். பிரெட்டைச் சின்னத் துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி, 180 டிகிரி ஓவனில் பொன்னிறமாகும் வரை வையுங்கள், கிட்டத்தட்ட 8 முதல் 10 நிமிடம். முழுக்க ஆறியபின் டப்பாவில் போட்டால் மறுநாளும் மொறுமொறுப்பு போகாது. மேலே வைக்கும் தக்காளியை நறுக்கி உப்புப் போட்டுச் சல்லடையில் கால் மணி நேரம் வடியவிட வேண்டும். டோஸ்டில் முதலில் வெண்ணெயோ கிரீம் சீஸோ ஒரு பூச்சு, அதற்கு மேல் தக்காளி. அந்தப் பூச்சு ஈரத்தை உள்ளே விடாது. அப்படியும் பரிமாறக் கால் மணி நேரம் முன்னால்தான் அடுக்குங்கள்.

கடலை, முந்திரி, எள், பால், கோதுமை எது யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள், இதில் கூச்சமே வேண்டாம்.

தயிர், சீஸ், இறைச்சி எதுவும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். பாதி டிப்பை ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்து, தீர்ந்ததும் புதுக் கிண்ணத்தில் கொண்டு வாருங்கள், பழைய கிண்ணத்தில் மேலே ஊற்றாதீர்கள். உருண்டை பொரிக்க, நாலைந்து பேர் வந்து டிப்பில் கைவைத்த பிறகு எண்ணெயை அடுப்பில் ஏற்றினால் போதும்.