கூட்டத்தில் இயேசுவைத் தேடிப் பாருங்கள்

தவக்காலத் தியானத்துக்கு ஓர் ஓவியம்: இயேசு சிலுவை சுமந்து போகும் காட்சி, பீட்டர் புரூகல் 1564-இல் வரைந்தது. வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிய அளவிலேயே கிடைக்கும்.

முதலில் பெரிதாக்காமல் இயேசுவைக் கண்டுபிடியுங்கள். சட்டென்று கிடைக்க மாட்டார். நூற்றுக்கணக்கான ஆட்கள், சிவப்புச் சட்டைக் குதிரைவீரர்கள், பாறை உச்சியில் காற்றாலை என்று கண் அலையும். அவரோ ஏறக்குறைய நடுவில்தான் விழுந்து கிடக்கிறார்.

அப்புறம் இடப்பக்கத்தைப் பெரிதாக்கி, சிரேனே ஊர்க்காரரான சீமோனைப் பாருங்கள். இயேசுவின் சிலுவையைத் தூக்க அவரை வீரர்கள் இழுக்கிறார்கள். மனைவி விடாமல் பின்னுக்கு இழுக்கிறாள். அவள் இடுப்பில் ஜெபமாலை தொங்குகிறது! ஜெபமாலை வைத்திருப்பவளே சிலுவை தூக்க விடாமல் தடுக்கிறாள்; புரூகலின் குசும்பு அது. கூடவே மாற்கு 15:21-ஐ வாசித்து, அந்த இழுபறியில் நம் கை எந்தப் பக்கம் என்று யோசிக்கலாம்.